நான் படைத்தவளுக்கு ஒரு கல்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். தேங்காய், சேனைக்கிழங்கு, கால் கட்டிய கோழி, வீட்டில் செய்த கேக் என்று ஒவ்வொன்றாக மேசைமேல் ஏறும். ஏலம் கூறுபவர் பொருளைத் தூக்கிக் காட்டி, அது யாருடைய ஞாபகார்த்தமாகப் படைக்கப்பட்டது என்பதை அறிவித்த பிறகே விலை கேட்பார். அந்த ஆண்டு அவர் ஒரு செந்துளுவன் வாழைக்குலையைத் தூக்கிக் காட்டி ஒரு பெயரைச் சொன்னார். சபையைத் தொடங்கிய காலத்தில் கிணறு வெட்டிய தாயார் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அந்தப் பெயருடைய பெண் எங்கள் ஊரில் வாழ்ந்ததில்லை. அவளை உண்டாக்கியது நான். அவளுக்கு நான் இட்ட பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே போதிய தூரம் பயணம் செய்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"ஏட்டி, அது உனக்க கதையில உள்ளவ இல்லியா?"

"ஆமா."

"அவளுக்கு ஆரு வாழக்குலை குடுக்குதா?"

குலை நல்ல விலைக்குப் போயிற்று. பொது இடத்தில் எழுந்து பேசுவது என் இயல்பு அல்ல.

அப்போது நான் நாகர்கோவிலில் தமிழ் இலக்கியத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், பல காலங்களில் நிகழும் வரலாற்றுப் புதினங்கள். அவற்றை வரிசையாகப் படித்தபோது ஒன்று தெளிவாயிற்று. அரண்மனையின் தூண்களையும் இளவரசியின் அணிகளையும் பக்கம் பக்கமாக வருணிப்பவர்கள், அந்த இளவரசி குளிக்கும் தண்ணீரை யார் சுமந்து வந்தார்கள் என்று சொல்வதில்லை. குதிரைகள் இரவெல்லாம் ஓடுகின்றன. எந்தக் குதிரையும் தண்ணீர் குடிப்பதில்லை. குறை சொல்வதைவிட எழுதிக் காட்டுவது மேல் என்று நினைத்து நானே ஒரு குறும்புதினம் எழுதத் தொடங்கினேன். அதில் மூன்று காலங்கள், மூன்று பெண்கள், ஒவ்வொருத்தியின் தலையிலும் ஒரு சுமை. முதல் பெண் வட்டக்கோட்டை கட்டப்படுகையில் சுண்ணாம்பு சுமந்தாள். இரண்டாமவள் மிஷன் காலத்தில் எங்கள் சபைக் கோயில் வளாகத்துக் கிணற்றிலிருந்து மண் சுமந்தாள். மூன்றாமவள் இன்றைய பெண். அவள் எதைச் சுமக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

எழுதும்போது எனக்கு ஒரே ஒரு விதி இருந்தது. அந்தக் காலத்தில் இருந்தது என்று ஆதாரம் கிடைக்காத எந்தப் பொருளும் கதைக்குள் வரக் கூடாது. மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கு இல்லாத சாப்பாட்டை எங்கள் ஊரில் கற்பனை செய்வது கடினம். ஆனாலும் கோட்டை காலத்துப் பெண்ணின் சட்டியில் அதை வைக்க என்னிடம் சான்று இல்லை. ஆகவே அவள் பனங்கிழங்கு தின்றாள். தூரத்து மலைச்சரிவில் ரப்பர் மரங்கள் தெரிவதாக எழுதிய வரியை அடித்தேன். கிணறு வெட்டியவள் மண் எடுத்தது தகரத்தில் அல்ல, ஓலைப்பெட்டியில். இப்படிச் சின்னச் சின்ன உண்மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அத்தனையும் சேர்ந்து, நடுவில் இருக்கும் ஒரு பொய்க்குச் சாட்சி சொல்லும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. வரலாற்றுப் புதினம் என்னும் வடிவத்தின் முழு வலிமையும் அதுதான் என்று இப்போது வகுப்பில் சொல்கிறேன்.

கதை எங்கள் சபையின் காலாண்டு இதழில் தொடராக வந்தது. இதழின் பொறுப்பு சபைக் காரியதரிசியிடம் இருந்தது. மார்த்தாண்டத்தில் இரும்புக் கடை நடத்துபவர், வாசிப்பில் உண்மையான பிரியம் உள்ளவர். தலைப்புக்குக் கீழே 'தொடர்கதை' என்று தெளிவாகவே அச்சிட்டார். ஆனால் அந்த இதழில் அதற்கு முன்பு கதை வந்ததில்லை. பிரசங்கம், ஞானஸ்நானம் பெற்றவர்களின் பெயர்கள், மரித்தவர்களின் படங்கள், பிறகு சாட்சி. நோயிலிருந்து எழுந்தவர், குடியை விட்டவர், கடன் தீர்ந்தவர் என்று யாராவது தம் வாழ்க்கையைச் சொல்லியிருப்பார்கள். ஒரு பெண் பாடுபட்டாள், அழுதாள், முடிவில் தண்ணீரைக் கண்டாள் என்று அந்த இதழில் வந்தால் எங்கள் மக்கள் அதைப் படிக்கும் முறை ஒன்றே ஒன்றுதான். அது சாட்சி. சாட்சியை யாரும் சந்தேகிப்பதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமென் சொல்வார்கள். கதை என்ற சொல்லை அவர்கள் பார்க்காமல் இல்லை. எங்கள் ஊரில் 'அவளுக்க கதையைக் கேட்டியா' என்றால், அவளுக்கு நேர்ந்ததைக் கேட்டாயா என்றே பொருள்.

வாழைக்குலையைப் படைத்தவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். அம்மா அவரை மைனி, அதாவது அண்ணி, என்பார். அதனால் எனக்கு மாமி. இரத்த உறவு இல்லை. பேருந்து நிறுத்தத்தின் அருகே தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் மஸ்கட்டில். மாமி பிறந்தது மார்த்தாண்டத்துக்கும் மேற்கே, கேரள எல்லையோரத்தில். பேசினால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாட்டுப் போலக் கேட்கும். அதைப் பாவனை செய்து காட்டாதவர் எங்கள் தெருவில் குறைவு.

மாமிக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் கோயிலில் கல்லோ பித்தளைத் தகடோ பதிக்காத பொருள் கிடையாது. மணி, பலிபீடத்தின் விரிப்பு, வாசல், பெஞ்சு, மின்விசிறி என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குடும்பத்தின் முன்னோர் ஒருவருடைய ஞாபகார்த்தமாக இருக்கும். மாமியின் கணவர் வீட்டார் பிற்காலத்தில் வந்து குடியேறியவர்கள். அவர்கள் பெயரில் அங்கே ஒரு பெஞ்சுகூட இல்லை. பெண்கள் சங்கத்தில் வாக்குவாதம் முற்றினால், 'நேத்து வந்தவங்க' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். மாமி வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். வளாகத்தில் பெயர் பதிக்கப்படாமல் எஞ்சியிருந்தது கிணறு மட்டுமே.

ஏலத்துக்கு அடுத்த வாரம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் என் கதை வந்த இதழ்.

"மக்களே, மைலாடியில கல்லு சொல்லியாச்சு. சபை நாளுக்குப் பிரதிஷ்டை. எழுத்துல பெழை வரப்பிடாது, நீ ஒரு எட்டு வந்து பாக்கணும்."

"என்ன கல்லு மாமி?"

"கெணத்துக்குத்தான். அவ எங்க வீட்டுக்காரருக்க குடும்பமாக்கும். இவருக்க பாட்டிக்க அம்மை இங்க கூலிக்கு வந்து இந்தக் கெணத்துக்கு மண்ணு சொமந்தான்னு ஒரு பேச்சு உண்டு. பேரு ஆருக்கும் தெரியாம இருந்து. நீ கண்டுபிடிச்சுத் தந்த."

"மாமி, அது…"

"நீ ஒண்ணும் பறயாண்டாம். வாசிச்ச ஒடனே எனக்கு மனசிலாச்சு. பெட்டியை எடுப்புல வச்சிட்டு, முழங்கையால மொகத்தைத் தொடைக்கான்னு எழுதியிருக்கேல்லா? அது எங்க வீட்டுப் பொம்பளைகளுக்க சுபாவம். வேற ஆருக்கும் அப்பிடி வராது."

அம்மா உள்ளேயிருந்து காப்பியோடு வந்தார். மாமி தரையில் உட்கார்ந்து கல்லின் நீளம் அகலத்தைக் கையால் காட்டினார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அம்மாவின் முன்னால் சொல்ல எனக்கு வார்த்தை அமையவில்லை. மயிலாடிக்கு வருகிறேன் என்றேன். அங்கே, கல் வெட்டப்படுவதற்கு முன்னால், சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

மயிலாடியில் சாலையின் இரு புறமும் கல்பட்டறைகள். நாங்கள் போன பட்டறையில் தும்பிக்கை முடியாத பிள்ளையாரும் முகம் மட்டும் முடிந்த மாதாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அறுப்பு இயந்திரத்தின் இரைச்சலில் காது அடைத்தது. மாமியின் கல் தயாராக இருந்தது. நன்றாக மெருகேற்றிய கருங்கல். குனிந்தால் முகம் தெரிந்தது. சிற்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"பேரு செரி. பொறந்தது எப்பம், செத்தது எப்பம்? ரெண்டும் வேணும். இல்லேன்னா கீழ மொட்டையா நிக்கும்."

"அதுக்குத்தான் ஆளையே கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார் மாமி. "சொல்லு மக்களே."

"எனக்குத் தெரியாது மாமி."

"தெரியாதா? அவ காலம்பற என்ன குடிச்சான்னு வரைக்கும் எழுதியிருக்க. செத்தது மட்டும் தெரியாதா?"

"அவ சாகல்ல."

"சாகாதவங்களுக்கு எதுக்கு கல்லு?" என்றார் சிற்பி.

"அவ பொறக்கவும் இல்ல மாமி. நான் உண்டாக்கினது. கெணறு உள்ளது. அவ இல்ல."

மாமி முதலில் சிரித்தார்.

"ஆளை உண்டாக்க நீ ஆருடி, கர்த்தரா? மண்ணை உருட்டி மூக்குல ஊதினியோ?"

"கதைன்னு தலைப்புக்குக் கீழயே போட்டிருக்கு."

"சபைப் பத்திரிகையில கதை எதுக்குப் போடுதா?"

மாமியின் சிரிப்பு நின்றது. அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"ஏலத்துல பேரு கூப்பிட்டாச்சு. இவருக்குப் போன் போட்டு நான் அழுதேன், தெரியுமா? உங்க ஆளு ஒருத்தி இங்க கெடந்திருக்கா, நாமதான் தெரியாம இருந்தோம்னு. இப்பம் போய் அவ ஊதிவிட்ட பலூன்னு சொல்லணுமோ?"

சிற்பி பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார்.

"நீங்க பேசித் தீத்திட்டு வாங்க. நான் அதுக்குள்ள பிள்ளையாருக்குத் தும்பிக்கை இட்டுருதேன்."

திரும்பும் பேருந்தில் மாமி முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் வழியாகத் தூசி வந்தபோது அவர் கை உயர்ந்தது. முழங்கையால் நெற்றியைத் துடைத்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அந்த அசைவை நூலகத்தில் கண்டெடுக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பெருமழையில் வளாகத்துக் கிணறு சேறும் குப்பையுமாக நிறைந்துவிட்டது. தூர் வார வருவதாகச் சொன்ன ஆட்கள் வரவில்லை. சபையார் கூடி உண்ணும் அசன விருந்துக்குத் தண்ணீர் வேண்டும். இந்த மாமிதான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். மேலே நின்று வாளியை இழுத்த பெண்களில் நானும் ஒருத்தி. வெளியே ஏறி வந்தவர் கை முழுவதும் சேறாக இருந்ததால் முழங்கையால் முகத்தைத் துடைத்தார். அதைத்தான் எழுதியிருக்கிறேன். தம்மைத் தாமே படித்துவிட்டு, இது எங்கள் குடும்பத்துச் சாயல் என்று மாமி நம்பியிருக்கிறார்.

சபைக் கமிட்டிக்கு நான் எழுத்தில் தெரிவித்தேன். ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னை அழைத்தார்கள். மாமியும் வந்திருந்தார், அதுவரை என்னோடு ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. அவருக்காகவே எல்லாரும் இரக்கப்பட்டார்கள் என்பது அறைக்குள் நுழைந்ததுமே தெரிந்தது.

காரியதரிசி தொடங்கினார்.

"பிள்ளே, கதை நல்ல கதை. நோட்டீஸ் அடிச்சாச்சு. பேரு இருந்துட்டுப் போட்டும். ஆருக்கு என்ன நட்டம்? எவளோ ஒருத்தி மண்ணு சொமந்திருப்பால்லா?"

"சொமந்திருப்பா சார். அவளுக்க பேரு நமக்குத் தெரியாது. தெரியாதுன்னு இருக்குத வரைக்கும் ஆராவது தேடுவாங்க. இந்தப் பேரைக் கல்லுல வெட்டிட்டா அவளுக்க எடத்துல நான் உண்டாக்கினவ ஏறி உக்காந்துருவா. அப்பறம் ஒருத்தரும் தேடமாட்டாங்க."

"படிச்ச பிள்ளை பேசுது, கேட்டுக்கிடுங்க" என்றார் ஒருவர்.

"அது இருக்கட்டும். அவ பேருல ஏலம் எடுத்த குலையை நாங்க வீட்டோட தின்னு தீத்தாச்சே, அதுக்கு என்ன செய்ய?" என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்து அடங்கியது.

நான் சிரிக்கவில்லை, பின்வாங்கவும் இல்லை. கதையில் ஒரு பெண்ணை வாழ வைக்க எனக்கு உரிமை உண்டு. கிணற்றடியில் அவளை அடக்கம் செய்யும் உரிமை எனக்கும் இல்லை, கமிட்டிக்கும் இல்லை. அதை அப்படியே சொன்னேன்.

அப்போது மாமி இதழை விரித்தபடி எழுந்தார். வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதுபோல் என்னைக் கேட்டார்.

"கெணத்துக் கல்லுல கயிறு அறுத்த தடம்?"

"நெசம் மாமி. இப்பமும் இருக்கு."

"ஓலைப்பெட்டி?"

"நெசம். அந்தக் காலத்துல அதுதான்."

"புருஷன் வெலக்கினது, இவ கேக்காம எறங்கினது?"

"நான் எழுதினது."

"முழங்கையால மொகம் தொடைச்சது?"

"அது நீங்க மாமி. தூர் வாரினப்பம் நீங்க ஏறி வந்ததைப் பாத்துத்தான் எழுதியிருக்கேன். நீங்க சொன்ன பெறவுதான் எனக்கே தெரிஞ்சு."

மாமி இதழை மடித்தார். கமிட்டியின் பக்கம் திரும்பினார்.

"இல்லாதவளுக்குப் பேத்தியா இருக்க எனக்கு வேண்டாம். அந்தப் பேரை வெட்டாண்டாம். ஆனா கல்லு கெணத்துக்கு வரும். எனக்க பேரைப் போடுங்க. தூர் வாரினது நானாக்கும்."

காரியதரிசி கண்ணாடியைக் கழற்றினார்.

"உயிரோட இருக்குதவங்களுக்குக் கல்லு வைக்குத வழக்கம் நமக்கு இல்ல. எல்லாமே மரிச்சவங்க ஞாபகார்த்தம்தான். ஒனக்குத் தெரியாததா?"

"அண்ணாச்சி, பொறக்கவே இல்லாதவளுக்கு வைக்கலாம்னு இப்பம் நீங்கதான் சொன்னீங்க. பொறந்து, உங்க முன்னால நிக்குதவளுக்கு ஆகாதோ?"

குலையைத் தின்றவர் முதலில் மேசையைத் தட்டினார். காரியதரிசி வழக்கத்தைப் பற்றி இன்னும் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் அவர் குரல் முன்னைவிடத் தாழ்ந்தது. அவர் நேர்மையானவர். தம் வாயாலேயே அளித்த முன்னுதாரணத்தை அவரால் மறுக்க முடியவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

வாசலில் மாமி என்னைக் கடந்து போனார். போகிற போக்கில், "தண்ணிக்குள்ள எறங்கினப்பம் எனக்க சேலை கிழிஞ்சிருந்து. அதையும் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன்."

"அதை எழுதல்லியே."

"எழுதல்ல மாமி."

"செரி" என்றார். எங்களுக்கிடையே பேச்சு மறுபடி தொடங்கியது அந்தச் சொல்லில்.

சபை நாளன்று கிணற்றடியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஞாபகார்த்தக் கல் பதிக்கும்போது, மரித்தவருடைய வாழ்க்கைச் சுருக்கத்தைப் போதகர் வாசிப்பது முறை. அத்தகைய சுருக்கங்கள் அனைத்தும் எங்கள் ஊரில் ஒரே அச்சில் வார்த்தவை. பிறப்பு, பக்தி, பொறுமை, பாக்கியமான முடிவு. யாருடையதையும் யாருக்கும் வாசித்துவிடலாம். நான் படித்த புதினங்களின் ராணிகளும் ஏறக்குறைய அப்படித்தான் வாழ்ந்து மறைகிறார்கள். இந்த முறை சுருக்கத்துக்கு உரியவர் இரண்டாம் வரிசையில், புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தார்.

"இச்சகோதரி மார்த்தாண்டத்தில் பிறந்து…" என்று போதகர் தொடங்கினார்.

"மார்த்தாண்டம் இல்ல பாஸ்டர். அதுக்கும் மேற்க."

போதகர் தலையசைத்தார். "சிறு வயது முதலே ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் உறுதியாய் நிலைத்திருந்து…"

"அது அவ்வளவு ஒண்ணும் இல்ல."

பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. போதகர் இளைஞர், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாளை இன்னும் சற்றுக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தார். "தம் கணவரோடு இணைந்து இக்கிணற்றைத் தூர் வாரி, சபைக்குத் தண்ணீர் கிடைக்கச் செய்தார்."

மாமி எழுந்து நின்றார்.

"அவரு அப்பம் மஸ்கட்டுல. எறங்கினது நான் மட்டும்தான்."

போதகர் அங்கியை விலக்கிச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சபை காத்திருக்க, கிணற்றுச் சுவரின்மேல் தாளை வைத்து, கணவரை அடித்துவிட்டு, அந்த வரியை முதலிலிருந்து மறுபடி வாசித்தார்.